கல்லூரி விண்ணப்பம்: தளத்தைத் திறக்கும் முன் பையைத் திறக்க வேண்டும்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ், டைப்பிங், நெட் சென்டர் எல்லாம் சேர்ந்த கடை ஒன்றை நடத்துகிறேன். வருடம் முழுக்க கரண்ட் பில், பட்டா சிட்டா, ரயில் டிக்கெட் என்று ஓடும். மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் கல்லூரி விண்ணப்பம் மட்டும்தான். 2025-இல் பொறியியல் கவுன்சிலிங் பதிவு மே 7-ஆம் தேதி தொடங்கியது. மறுநாளே பிளஸ் டூ முடிவு வந்தது. பதிவுக்குக் கடைசி நாள் ஜூன் 6. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான பதிவும் அதே மே மாதத்தில். அந்தச் சமயத்தில் கடைக்கு வந்த கோளாறுகளையும், எதை எப்படிச் சரிசெய்தோம் என்பதையும் எழுதி வைக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து போனிலேயே நிரப்புகிறவர்களுக்கும், என்னைப் போல் கடை வைத்திருப்பவர்களுக்கும் உதவலாம்.

"சர்வர் வேலை செய்யல" என்றுதான் எல்லோரும் வருகிறார்கள். கடைசி நாள் நெருங்கும்போது சாயங்கால நேரத்தில் எந்தத் தளமும் திணறும், அது உண்மை. ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் சரியாகப் போகும். நாள்கணக்கில் இழுப்பது வேறு. பிள்ளை கொண்டுவரும் மஞ்சப்பையில் இருக்கிற காகிதங்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொன்று. அப்பா போன் நம்பர் ஒன்று, மெயில் ஐடி யாரோ எப்போதோ திறந்தது. இந்தக் குழப்பத்தோடு தளத்தைத் திறந்தால் பாதியில் நிற்கும்; நிற்கும் இடத்தில் சர்வரைத் திட்டுவோம். அதனால் அந்த வருடம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பையில் இருப்பதை மேசையில் பரப்பி, ஒரு நோட்டில் ஒரு பக்கம் எழுதி முடிக்கும்வரை கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். அப்புறம் அவர்களே வீட்டுக்குப் போன் போட்டு விடுபட்ட காகிதத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

போன் நம்பரும் மெயிலும்

நோட்டில் முதல் வரி போன் நம்பர். ஓடிபி இந்த நம்பருக்குத்தான் வரும். சான்றிதழில் குறை இருந்தால் செய்தி இதற்குத்தான் வரும். ஆகஸ்ட் வரைக்கும் இதே நம்பர் உயிரோடு இருக்க வேண்டும். இதைச் சொன்னால் பாதிப் பேர் விழிப்பார்கள். எங்கள் பக்கம் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார், அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார். வீட்டில் பிள்ளை கையில் இருக்கும் போனில் போட்டிருப்பது பெரும்பாலும் நெட்டுக்காக வாங்கிய சிம், நம்பர் அவர்களுக்கே மனப்பாடம் இருக்காது. அதனால் அப்பா நம்பரைக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு பொண்ணுக்கு ஓடிபி அனுப்பிவிட்டுத் திருப்பூருக்குப் போன் போட்டோம்.

"அப்பா, ஓடிபி வந்துச்சாப்பா?"

"இல்ல பாப்பா, சூப்பர்வைசர் நிக்கிறாரு, சாப்பாட்டு நேரத்துல பேசுறேன்."

அவருக்குச் சாப்பாட்டு நேரம் வருவதற்குள் ஓடிபியின் ஆயுள் முடிந்துவிடும். மறுபடி அனுப்பு, மறுபடி காத்திரு. மூன்று தடவைக்கு மேல் அனுப்பினால் சில தளங்கள் கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். அதனால் பிள்ளையோ அம்மாவோ கையில் வைத்திருக்கும் போனின் நம்பர் மட்டும்தான் என்று முடிவு செய்தோம். அந்த நம்பருக்குக் கடையிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்ப்பேன். வந்தால் எழுதிக்கொள்வேன். வராவிட்டால் முதலில் ரீசார்ஜ் இருக்கிறதா பார்க்கணும். திட்டம் முடிந்து நாளான சிம்முக்குச் செய்தி வராது. ரீசார்ஜ் இருந்தும் வராவிட்டால் மெசேஜ் செயலியில் ஸ்பாம் பகுதியைத் திறந்து பார்க்கணும். அங்கே ஓடிபிகள் வரிசையாக உட்கார்ந்திருந்த போன்களைப் பார்த்திருக்கிறேன்.

சில நெட் சென்டர்களில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடைக்காரர் தன் நம்பரையே போட்டுவிடுகிறார். இதை மட்டும் எந்தக் கடையிலும் அனுமதிக்காதீர்கள். கவுன்சிலிங் சமயத்தில் அவர் கடை பூட்டியிருந்தால் பிள்ளையால் உள்ளேயே நுழைய முடியாது.

மெயில் இன்னும் மோசம். ஒன்பதாம் வகுப்பிலோ, போன் வாங்கிய அன்றோ யாராவது ஒரு ஜிமெயில் திறந்து கொடுத்திருப்பார்கள். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கணக்கு போனில் உள்நுழைந்தபடியே இருக்கும். இருந்தால் பிரச்சினை இல்லை: செட்டிங்ஸில் கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் மீட்பு நம்பராகப் பிள்ளையின் நம்பரைச் சேர்த்து, கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். போனின் திரைப் பூட்டைக் கேட்டுவிட்டே பெரும்பாலும் விட்டுவிடும். பழைய போன் உடைந்து, கணக்கும் எங்கேயும் திறந்தில்லை என்றால் மீட்பதில் நேரத்தைப் போக்காமல் புதிதாகத் திறப்பது நல்லது. பெயரும் இனிஷியலும் ஒரு எண்ணும் போதும். "கிங்", "தல" என்றெல்லாம் வைத்த முகவரி நான்கு வருடம் கல்லூரியில் எல்லாப் படிவத்திலும் வரும் என்று சொன்னால் பையன்களே சிரித்துக்கொண்டு மாற்றிவிடுகிறார்கள்.

கடவுச்சொல்லை என் நோட்டில் எழுதுவதில்லை. பிள்ளையின் சொந்த நோட்டில் கடைசிப் பக்கத்தில் அவர்கள் கையாலேயே எழுதவைத்து, போனில் அதை ஒரு ஃபோட்டோ எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். பாதுகாப்பு நிபுணர்கள் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் எங்கள் ஊரில் கடவுச்சொல் திருடு போவதைவிட மறந்து போவதுதான் பெரிய ஆபத்து.

பெயரும் இனிஷியலும்

நோட்டில் அடுத்து ஒரு கட்டம் போடுவேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், ஜாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் என்று நான்கு தலைப்பு. அதன் கீழே பிள்ளையின் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. காகிதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, புள்ளி, இடைவெளி உட்படப் பார்த்து எழுதணும். யோசித்து எழுதக் கூடாது.

அப்பா பெயர் முருகன், பையன் பெயர் கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். மார்க் ஷீட்டில் கார்த்திக் எம் என்று இருக்கும். ஆதாரில் கார்த்திக் முருகன். ஜாதிச் சான்றிதழில் எம் முன்னால் வந்து ஒரு புள்ளியும் இருக்கும். பாஸ்புக்கில் வெறும் கார்த்திக், அதுவும் ஆங்கிலத்தில் கடைசி எழுத்து மாறி. நமக்கு இது எல்லாம் ஒரே ஆள்தான். எழுத்தை எழுத்தாக ஒப்பிடுகிற நிரலுக்கு நான்கு பேர். தமிழ்நாட்டுப் படிவங்களில் பெயருக்கும் இனிஷியலுக்கும் தனித்தனிக் கட்டம் இருப்பதுண்டு, அங்கே சிக்கல் குறைவு. அகில இந்தியத் தேர்வுகளுக்கான படிவங்களில்தான் தடுமாற்றம். சிலவற்றில் முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். குடும்பப் பெயரே இல்லாத ஊரில் எதைப் போடுவது?

எங்கள் விதி: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுதான் அடிப்படை. பெயரையும் பிறந்த தேதியையும் கல்லூரி, வேலை என்று போகிற எல்லா இடத்திலும் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். கட்டம் பிரித்துக் கேட்டால் பெயரை முதலிலும் இனிஷியலைக் கடைசியிலும் போடுவோம். கடைசிக் கட்டம் கட்டாயம் இல்லையென்றால் முழுவதையும் முதல் கட்டத்திலேயே மார்க் ஷீட்டில் உள்ள வரிசையில் எழுதிவிடுவோம். இனிஷியலை அந்த நேரத்தில் நாமாக விரித்து அப்பா பெயராக எழுதக் கூடாது. அப்புறம் ஐந்தாவதாக ஒரு பெயர் உருவாகிவிடும்.

ஆதாரைத் திருத்த வேண்டியிருந்தால் மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போகணும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே தடவை. அதனால் அவசரத்தில் போய் "ஏதாவது சரி பண்ணுங்க" என்று உட்காரக் கூடாது. எழுத்துக் கூட்டலைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், ரசீது கையில் வந்ததும் அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டு வரணும். இதற்கு நல்ல நேரம் பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறை. மே கடைசியில் ஓடினால் திருத்தம் முடிவதற்குள் கடைசி நாள் வந்துவிடும்.

சான்றிதழ்கள்

யாருக்கு எந்தச் சான்று தேவை என்பதில்தான் அலைச்சல் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நான்கு சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கிறவர்கள் உண்டு. உதாரணத்துக்கு இருப்பிடச் சான்று. எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளைக்குப் பொறியியல் கவுன்சிலிங்கில் அது தேவையில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் அந்த வகைதான். இருந்தும் வருடா வருடம் அதற்காக ஒரு கூட்டம் விஏஓவைத் தேடுகிறது.

உண்மையில் தேவைப்படுவது ஜாதிச் சான்றிதழ், குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கான பள்ளிச் சான்று. உதவித்தொகைக்கு வருமானச் சான்று. வருவாய்த் துறைச் சான்றுகளை இ-சேவை வழியாகக் கேட்க வேண்டும். அதற்கு முதலில் கேன் எண், அதாவது இ-சேவையில் விண்ணப்பிப்பவருக்கான பதிவு எண், எடுக்கணும். மனு விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), அப்புறம் தாலுகா ஆபீஸ் என்று படிப்படியாக நகரும். ஒவ்வொரு படியிலும் விளக்கம் கேட்டுத் திரும்பி வரலாம். வருமானச் சான்றுக்கு ரேஷன் கார்டில் பெயர் இல்லாத அப்பா, இறந்துபோன அப்பா, பிரிந்துபோன அப்பா என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஆவணம் கேட்பார்கள். முடிவு வந்த பிறகு இதைத் தொடங்கினால் மொத்த மாவட்டமும் அதே வாரத்தில் தொடங்கியிருக்கும். பிளஸ் டூ பரீட்சை மார்ச் கடைசியில் முடிகிறது. ஏப்ரலில் ஆபீஸ் காலி. அப்போது வருகிறவர்களுக்கு எல்லாம் சுலபமாகக் கிடைக்கிறது.

7.5 விழுக்காட்டில் ஒரு நுணுக்கம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கணும் என்பது எல்லோருக்கும் தெரியும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது என்பது தெரியாது. எங்கள் பக்கம் உதவி பெறும் பள்ளிகள் நிறைய. சத்துணவும் இலவசப் புத்தகமும் சைக்கிளும் அங்கேயும் கிடைப்பதால் பெற்றோர் அதை அரசுப் பள்ளி என்றே நினைக்கிறார்கள். படிவத்தில் "ஆம்" என்று டிக் செய்துவிட்டுச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வதைவிட, தலைமையாசிரியரிடம் வகுப்புவாரியாக எழுதி வாங்கிவிட்டுத் தொடுவது நல்லது. ஒவ்வொரு வகுப்பும் எந்தப் பள்ளி, எந்த ஊர் என்று படிவமும் வரிசையாகக் கேட்கும். ஏழாம் வகுப்பு பாதியில் ஆச்சி ஊருக்குப் போய்ப் படித்த கதையெல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

ஜாதிப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் நீளமானது. ஒலியில் நெருங்கிய பெயர்கள் வெவ்வேறு பிரிவுகளில் இருக்கும். வீட்டில் சொல்லும் பெயரை வைத்துத் தேடவே கூடாது. சான்றிதழை மேசையில் வைத்து அதிலுள்ள பிரிவை முதலில் தேர்ந்தெடுத்து, அப்புறம் பெயரை எழுத்துக்கு எழுத்து பார்க்கணும். மத்திய அரசுக் கல்லூரிகளுக்கும் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: மாநில ஜாதிச் சான்றிதழ் அங்கே போதாது. பிசி, எம்பிசி பிள்ளைகள் ஓபிசி ஒதுக்கீடு கேட்டால் மத்திய அரசு வடிவத்தில் தனியாக ஓபிசி சான்றிதழ் வாங்கணும். ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கு அது அந்த வருடம் ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருடச் சான்றிதழை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் எனக்குக் கஷ்டமான வேலை.

ஃபோட்டோ, கையெழுத்து, ஸ்கேன்

இனி மேசை வேலை. படிவம் ஃபோட்டோவை 50 கேபிக்குள் கேட்கும். போனில் எடுத்த படம் மூன்று, நான்கு எம்பி இருக்கும். பிள்ளைகள் செய்வது என்னவென்றால், வாட்ஸ்அப்பில் தங்களுக்கே அனுப்பிச் சுருக்குவார்கள், ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள், அதை மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள். கடைசியில் முகம் கலங்கிப் போயிருக்கும். தேவையானது அளவைக் குறைப்பது, தரத்தைக் கெடுப்பது இல்லை. 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000-க்கு 3000 புள்ளி. பாஸ்போர்ட் அளவான 3.5-க்கு 4.5 சென்டிமீட்டருக்கு, அங்குலத்துக்கு 200 புள்ளி என்று கணக்கிட்டால் 276-க்கு 354 போதும். விண்டோஸில் இருக்கிற பெயின்ட்டே இதற்குப் போதுமானது: முதலில் தோள் வரை வெட்டணும், அப்புறம் அளவு மாற்றும் இடத்தில் பிக்சலைத் தேர்ந்தெடுத்து அகலம் 276 என்று கொடுத்து, ஜேபிஜியாகச் சேமிக்கணும். பெரும்பாலும் 20-இலிருந்து 40 கேபிக்குள் வந்து நிற்கும், முகமும் தெளிவாக இருக்கும். சில படிவங்கள் குறைந்தபட்ச அளவும் வைத்திருக்கும். 8 கேபிக்குக் கொண்டுபோய்விட்டு "ஏன் ஏற்கவில்லை" என்று கேட்பவர்கள் அந்த வரியைப் படிக்காதவர்கள்.

கையெழுத்துக்குக் கோடு போடாத வெள்ளைத்தாள், கறுப்பு மையுள்ள பேனா. பெரிதாகப் போடவைத்து, ஸ்கேன் செய்து, கையெழுத்தை ஒட்டி வெட்டணும். தாள் முழுவதையும் ஏற்றினால் நடுவில் எறும்பு ஊர்ந்தது போலத்தான் தெரியும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போடும் கையெழுத்தை அகில இந்தியத் தேர்வுப் படிவங்கள் ஏற்பதில்லை. பதினேழு வயதில் பலருக்குக் கையெழுத்தே முடிவாகியிருக்காது. அதனால் நான்கைந்து தடவை போட்டுப் பார்க்கச் சொல்லி, பிடித்ததை அன்றிலிருந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

செகண்ட்ஹேண்ட் ஐபோன் வைத்திருக்கும் பையன்களுக்கு ஒரு தனிக் கோளாறு வரும். படத்தை ஏற்றினால் "தவறான கோப்பு வகை" என்று திரும்பும். ஐபோன் 2017-இலிருந்து படங்களை ஹெச்இஐசி என்ற வகையில் சேமிக்கிறது. கோப்பின் பெயரில் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றி எழுதினால் உள்ளே இருப்பது மாறாது. கேமரா செட்டிங்ஸில் ஃபார்மேட்டை "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்று வைத்து மறுபடி எடுத்தால் முடிந்தது.

சான்றிதழ்களுக்குப் போன் கேமரா வேண்டாம், தட்டு ஸ்கேனரில் வைக்கணும். பழைய ஜாதிச் சான்றிதழ் அட்டைகள் லேமினேட் செய்தவை. மேலே டியூப்லைட் அடித்துப் பாதி எழுத்து மறையும். ஸ்கேனரில் அந்தத் தொல்லை இல்லை. ஏ4 தாளை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கலரில் எடுத்தால் பல எம்பி போகும். 150 டிபிஐ, கிரேஸ்கேல் (கலர் இல்லாமல் சாம்பல் நிறத்தில்) என்று வைத்தால் சில நூறு கேபியில் அடங்கும், முத்திரையும் படிக்கிற மாதிரி இருக்கும். நாப்ஸ்2 என்ற இலவச மென்பொருளை வைத்திருக்கிறோம். ஸ்கேன் செய்து, பக்கங்களைச் சேர்த்து, பிடிஎஃப் ஆக்கி, தரத்தைக் கூட்டிக் குறைக்க அது ஒன்றே போதும். நெட் தேவையில்லை. "பிடிஎஃப் சுருக்க" என்று தேடி வருகிற ஏதோ ஒரு தளத்தில் பிள்ளையின் ஆதாரையும் ஜாதிச் சான்றிதழையும் ஏற்றுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். இரவு கடை சாத்தும் முன் அன்றைய கோப்புகளைப் பிள்ளையின் மெயிலுக்கு அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரில் இருப்பதை ரீசைக்கிள் பின் வரை சுத்தமாக அழித்துவிடுவோம்.

இ-சேவையில் இறக்கிய சான்றிதழில் கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி தெரியும். பெற்றோர் பயந்துபோய், "தம்பி, இது டூப்ளிகேட்டா?" என்று கேட்பார்கள். இல்லை. அது டிஜிட்டல் கையெழுத்து. அதை வழங்கிய இந்திய அமைப்பை நம்பலாம் என்று அக்ரோபேட் ரீடரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கேள்விக்குறியின் மேல் வலது சொடுக்கு, கையெழுத்தின் பண்புகள், கையெழுத்திட்டவரின் சான்று, டிரஸ்ட் என்ற பகுதியில் நம்பகமான பட்டியலில் சேர். மூடிவிட்டு மறுபடி சரிபார்த்தால் பச்சை டிக் வரும். இறக்கிய மூலக் கோப்பை மெயிலில் அப்படியே பத்திரமாக வைத்துக்கொள்ளணும். அதையே பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கினாலோ சுருக்கினாலோ டிஜிட்டல் கையெழுத்து போய்விடும், மிஞ்சுவது வெறும் படம்.

படிவத்துக்குள்

இவ்வளவும் முடிந்தால் நிரப்புவது பெரிய வேலை இல்லை. கடைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் சில எச்சரிக்கைகள் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் புது இன்காக்னிட்டோ சாளரம், அதாவது முன்பு நிரப்பியதை நினைவில் வைக்காத சாளரம், திறப்போம். இல்லாவிட்டால் குரோம் உதவி செய்கிறேன் என்று முந்தைய பிள்ளையின் அப்பா பெயரையும் பின்கோடையும் தானாக நிரப்பிவிடும், பார்க்கிற கண்ணுக்கும் தெரியாது. பக்கத்தைத் தமிழில் மொழிபெயர்க்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லணும். மொழிபெயர்த்த பக்கத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் தாலுகா பட்டியல் திறக்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முகவரியில் கதவு எண்ணின் சாய்கோடு சில படிவங்களுக்கு ஆகாது. எது தப்பு என்று சொல்லாமல் சிவப்பாக மட்டும் காட்டும். சாய்கோட்டையும் புள்ளியையும் எடுத்துவிட்டு இடைவெளி விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடும். பின்னால் போகும் பட்டனைத் தொடாமல், படிவத்துக்குள்ளேயே இருக்கும் "முந்தைய" பட்டனைத்தான் பயன்படுத்தணும்.

பொறியியல் கவுன்சிலிங்கில் பிளஸ் டூ பதிவெண்ணைச் சரியாகக் கொடுத்தால் மார்க் தானாக வந்துவிடும். முடிவுக்கு முன்னால் பதிவு செய்தவர்கள் மார்க்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வந்த மார்க்கைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் உடனே கட் ஆஃப் கேட்பார்கள். கணக்கு முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 78, 71, 66 என்றால் 78-உம் 35.5-உம் 33-உம் சேர்ந்து 146.5. மொத்தம் 200-க்கு. 600-க்கு எவ்வளவு என்று ஊரெல்லாம் விசாரிக்கிற அந்த எண்ணுக்கு இங்கே வேலையே இல்லை.

பணம் கட்டும் இடம்

கட்டணம் பெரிய தொகை இல்லை. 2025-இல் பொறியியலுக்கு 500 ரூபாய், எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி பிள்ளைகளுக்கு 250. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். ஆனால் தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் 500 ரூபாய் இரண்டு தடவை போனால் அந்த வாரம் இடிக்கும்.

பேங்கில் பணம் போய்விட்டது, படிவத்தில் கட்டவில்லை என்று காட்டுகிறது. இது எல்லா வருடமும் வருகிற கோளாறு. உடனே மறுபடி கட்டாதீர்கள். முதலில் பரிவர்த்தனை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுக்கணும். வெளியேறிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய், கட்டண நிலையைச் சரிபார்க்கும் பட்டன் இருந்தால் அதை அழுத்தணும். பல சமயம் அரை மணி நேரத்தில் தானாகப் பச்சையாகிவிடும். ஆகாவிட்டாலும் பணம் காணாமல் போகாது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, யுபிஐயில் வியாபாரிக்குக் கட்டிய பணம் எடுக்கப்பட்டு உறுதிப்படுத்தல் போகாமல் இருந்தால், ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வரவேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடைசி நாளாக இருந்தால் மட்டும் மறுபடி கட்டச் சொல்வேன். அந்த மாதிரி இரண்டு தடவை கட்டிய ஒரு பையனுக்கு முதல் தொகை திரும்பி வந்ததை அவன் அம்மா பாஸ்புக்கில் பதிவு போட்டுக் கொண்டுவந்து காட்டினார். செய்தியை அவர் நம்பவில்லை, பாஸ்புக்கைத்தான் நம்பினார்.

சமர்ப்பித்த பிறகு

சமர்ப்பித்ததும் பிடிஎஃப்பை இறக்கி, ஒரு பிரதி பிரிண்ட் எடுத்து, பிள்ளையிடம் கொடுத்து சத்தமாகப் படிக்கச் சொல்வோம். திரையில் கண்ணுக்குத் தப்பிய பிழை தாளில்தான் தெரிகிறது. கொஞ்சம் நாடகம் மாதிரி இருக்கும், ஆனால் பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருந்ததை ஒரு பொண்ணு இப்படித்தான் பிடித்தது.

ஜூன் மாதத்தில் ஒரு பையன் ஓடிவந்தான். "அண்ணே, சர்டிபிகேட்டைத் திருப்பி அனுப்பிட்டாங்க." ஏற்றிய கோப்பைத் திறந்து பார்த்தோம். வேறொரு இடத்தில் போனில் எடுத்த படம். முதல் பட்டதாரிச் சான்றின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு, சான்றிதழ் எண் பாதிதான் தெரிந்தது. இ-சேவைக் கோப்பே அவன் மெயிலில் இருந்தது. அதையே ஏற்றினோம், ஏற்கப்பட்டது. இந்த மாதிரி நேரத்தில் பதறத் தேவையில்லை. சரிபார்க்கிறவர்கள் என்ன குறை என்று எழுதியிருப்பார்கள். அதை மட்டும் சரிசெய்து குறித்த தேதிக்குள் அனுப்பணும். கையால் முடியாவிட்டால் மாவட்டத்தில் இருக்கிற கவுன்சிலிங் சேவை மையத்துக்கு அசல்களோடு போகலாம், அங்கே கட்டணம் எதுவும் இல்லை. எங்களைப் போன்ற கடைகளுக்கு வருவதற்கு முன்பே அங்கே போகலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வியாபாரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

அவன் கிளம்பும்போது அவனுடைய மாமா கேட்டார்: "அப்ப சீட் கிடைச்சிருச்சா தம்பி?" இந்தக் கேள்வி எல்லா வருடமும் வரும். விண்ணப்பம் போட்டால் சீட் என்று நினைக்கிற வீடுகள் நிறைய. இன்னும் ரேங்க் பட்டியல் வரணும், அதற்குப் பிறகு கட் ஆஃப்பைப் பொறுத்து மூன்று சுற்றில் ஒன்றில் பெயர் வரும், அந்தச் சில நாட்களுக்குள் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் விருப்ப வரிசையில் போடணும், ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்யணும். உறுதி செய்யாமல் விட்டால் கைக்கு வந்த சீட்டும் போய்விடும். மாமாவிடம் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பையனிடம் சிம்முக்கு ஆகஸ்ட் வரை ரீசார்ஜ் போட்டு வைக்கச் சொன்னேன்.